ரெண்டு ஃபாக் லைட் மாட்டப் போய் ஹெட்லைட்டையும் தொலைத்த கதை

காரில் இரண்டு ஃபாக் லைட் கூடுதலாக மாட்ட எனக்கு ஆன செலவு 5,570 ரூபாய். ஆகியிருக்க வேண்டியது 2,070. மிச்சம் 3,500 ரூபாயும் நாலு ஞாயிற்றுக்கிழமையும், வால்பாறை ரோட்டில் பனிக்குள் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரமும் என் அரைகுறை அறிவுக்கு நான் கட்டிய அபராதம். யாராவது ஒருத்தர் முன்னாலேயே ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதியாவது தப்பியிருக்கும். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்பதுதான் நிஜம்.

நான் பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அக்கா வீடு வால்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் ரொட்டிக்கடையில். அம்மா அக்காவோடு இருப்பதால் சனிக்கிழமை வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவேன். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு, அதற்குள் இருட்டிவிடும். அட்டகட்டி வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் கவர்க்கல் பக்கம் பனி இறங்கினால் பானெட்டுக்கு முன்னால் ரோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பிரைட் போட்டால் இன்னும் மோசம், கண்ணுக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் காயப்போட்ட மாதிரி ஆகிவிடும். டிம்மில் போனால் ஒயிட் லைன் மட்டும் ஏதோ தெரியும். போன வருஷம் ஒரு தடவை வளைவில் திரும்பியதும் பத்தடியில் காட்டு மாடு ஒன்று குறுக்கே நின்றது. அது நகர்கிற வரை ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு முடிவு பண்ணினேன், பம்பருக்குக் கீழே ஃபாக் லைட் மாட்டியே தீர வேண்டும் என்று.

வண்டி 2011 மாடல், பழைய சின்ன கார். கம்பெனி பெயர் தேவையில்லை, தப்பு வண்டியுடையதில்லை. 1,400 ரூபாய்க்கு ஒரு ஜோடி லைட் வாங்கினேன், மஞ்சள் கண்ணாடி, உள்ளே எச்3 என்ற வகை ஹாலஜன் பல்பு, ஒவ்வொன்றும் 12 வோல்ட் 55 வாட். ஒவ்வொரு லைட்டிலிருந்தும் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு ஒயர் வெளியே வரும். மாட்டிக் கொடுக்க கடையிலேயே ஆள் உண்டு, 500 ரூபாய் கேட்டார்கள். ரெண்டு ஒயர் சேர்ப்பதற்கு ஐந்நூறா என்று எழுந்து வந்துவிட்டேன். இங்கேதான் முதல் கோணல்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்குத் தோன்றிய படம் கோயில் நோன்பிக்குக் கட்டுகிற சீரியல் செட். ஒரு பல்பிலிருந்து அடுத்த பல்பு, அதிலிருந்து அடுத்தது. அதே மாதிரி பேட்டரியிலிருந்து வரும் ஒயர் வலது லைட்டின் சிவப்பில், வலது லைட்டின் கறுப்பு இடது லைட்டின் சிவப்பில், இடது லைட்டின் கறுப்பு பாடியில் எர்த் (வண்டித் தகரம் பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்திருப்பதால் கரண்ட் அதன் வழியாகத் திரும்பிவிடும்). ஒயரும் மிச்சம், வேலையும் மிச்சம். போதாததற்கு இன்னொரு புத்திசாலித்தனமான கணக்கு வேறு: இப்படிக் கொடுத்தால் ரெண்டு பல்பும் கரண்டைப் பங்கு போட்டுக்கொள்ளும், பேட்டரிக்குச் சுமை குறையும். பள்ளிக்கூடத்தில் தொடர் இணைப்பு (நான் செய்த மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகக் கோப்பது), பக்க இணைப்பு என்று படித்தது, பரீட்சைக்குப் படம் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எதற்காகப் படித்தோம் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. ஆனால் எப்படி எரிந்தது என்றால், கரண்ட் கம்மியாக வரும் நாளில் கிராமத்து வீட்டுக் குண்டு பல்பு எரியுமே, அப்படி. ஒரு அடி தள்ளிக் கையை நீட்டினால் கையில் வெளிச்சம் விழுந்ததா இல்லையா என்றே சந்தேகம். எர்த் சரியில்லை என்று நினைத்து வேறு இடத்தில் கொடுத்தேன். பேட்டரி வீக் என்று நினைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன், கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். கடைசியில் பல்பு மட்டம் என்று தீர்ப்பெழுதி, அடுத்த நாள் 180 ரூபாய்க்கு 100 வாட் பல்பு ஒன்று வாங்கி வலது பக்கம் போட்டேன். ஒன்றில் போட்டுப் பார்ப்போம், நன்றாக எரிந்தால் இன்னொன்றும் வாங்கலாம் என்று.

அப்போது நடந்ததுதான் என்னை நிஜமாகவே குழப்பியது. புதிதாகப் போட்ட 100 வாட் பல்பு பீடி நுனி மாதிரிச் சிவந்து கிடக்கிறது. மாற்றாத பழைய 55 வாட் பல்போ முன்னைவிடப் பளிச்சென்று எரிகிறது! கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துவிட்டார் என்று போய்ச் சண்டை போட்டேன். அவர் பல்பை வாங்கி, கடையில் இருந்த பேட்டரியில் நேராகத் தொட்டுக் காட்டினார். கண் கூசியது. ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தேன். இந்த இடத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அன்றைக்குக் கேட்கவில்லை.

வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருந்தது, இன்வெர்ட்டர் பேட்டரி பார்க்க வாங்கியது. அதை எடுத்து லைட் எரியும்போதே ஒவ்வொரு பல்பின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தேன். 55 வாட்டில் 9 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், 100 வாட்டில் 3-ஐ ஒட்டி. கூட்டினால் பேட்டரியின் 12 சொச்சம். 100 வாட்டைக் கழற்றிப் பழைய பல்பையே போட்டேன், ஆறும் ஆறும். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தொடர் இணைப்பில் பங்கு போடப்படுவது கரண்ட் இல்லை, வோல்டேஜ். ரெண்டு பல்பு வழியாகவும் ஓடுவது ஒரே கரண்ட், ஆளுக்குக் கிடைப்பது பாதி வோல்டேஜ். ஒரே வாட் இல்லாமல் வேறு வேறு போட்டால் பங்கும் சமமாக இருக்காது, வாட் குறைந்த பல்புக்குத் தடை அதிகம், அது பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 55 பளிச்சென்றும் 100 மங்கலாகவும் எரிந்தது. சரி, பாதி வோல்டேஜ் என்றால் பாதி வெளிச்சமாவது வர வேண்டாமா என்றால், இழை பல்பில் அது நடக்காது. இழை சூடாகும் அளவைப் பொறுத்து வெளிச்சம் மளமளவென்று இறங்கும். 12 வோல்ட் பல்புக்கு 6 வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் வரும், அதுவும் சிவந்துபோய். ஹாலஜன் லைட் மங்கலாகச் சிவந்து எரிந்தால் பல்பைத் திட்டாமல், கடையில் சண்டை போடாமல், முதலில் பல்பின் ரெண்டு முனையில் மீட்டரை வையுங்கள். பேட்டரியில் இருப்பதில் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கோளாறு ஒயரிங்கில்.

சொல்ல மறந்துவிட்டேன், அந்த 100 வாட் பல்பை நேராகக் கொடுத்திருந்தாலும் தப்புதான். 55 வாட்டுக்குச் செய்த லைட்டுக்குள் 100 வாட் போட்டால் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் சூட்டில் வளைந்துவிடும். அந்தப் பல்பு இப்போது வீட்டில் சும்மா கிடக்கிறது.

சீரியல் செட் விஷயமும் அப்போதுதான் புரிந்தது. அந்தப் பல்பு ஒவ்வொன்றும் சில வோல்ட்டுக்குச் செய்தது, ஐம்பது அறுபதைக் கோத்து 230-இல் மாட்டுகிறார்கள், அதனால் அங்கே தொடர் இணைப்பு சரி. கார் லைட்டின் மேல் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் முழு 12 வேண்டும். 24 வோல்ட் பேட்டரி உள்ள லாரியில் 12 வோல்ட் லைட் ரெண்டைத் தொடராகக் கோத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே கணக்கு இடிக்காது, ரெண்டும் ஒரே வாட்டாக இருக்கும் வரை. ஒன்று ஃபியூஸ் போனால் ரெண்டும் அணையும் என்பது வேறு விஷயம்.

சரி, தப்பு தெரிந்துவிட்டது. இனி பக்க இணைப்பு. ரெண்டு லைட்டின் சிவப்பையும் ஒன்றாகச் சேர், ரெண்டு கறுப்பையும் எர்த்தில் கொடு, ஆளுக்கு முழு 12 வோல்ட். கேட்கும்போதே எவ்வளவு சுலபம்! இந்த இடத்தில்தான் நான் செய்த முதல் தப்பு ஒன்றுமே இல்லை என்று ஆக்குகிற ரெண்டாவது தப்பைச் செய்தேன். தொடராகக் கொடுத்தபோது நஷ்டம் வெளிச்சம் மட்டும். பக்கமாக மாற்றியதும் வெளிச்சம் வந்தது, கூடவே கரண்டும் வந்தது. அது எங்கிருந்து வருகிறது, எதன் வழியாக வருகிறது என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

பேட்டரியிலிருந்து நேராக இழுக்கப் பயம், அதனால் இடது ஹெட்லைட்டின் டிம் ஒயரைக் கொஞ்சம் சீவி, அதில் என் ஒயரைச் சுற்றி, டேப் அடித்து, அங்கிருந்து உள்ளே டேஷ்போர்டுக்குக் கொண்டுபோய் 80 ரூபாய் சுவிட்ச் ஒன்றைப் போட்டு, திரும்ப வெளியே லைட்டுக்கு. ஹெட்லைட் போட்டால்தான் ஃபாக் லைட் எரியும், மறந்துவிட்டுப் போனாலும் பேட்டரி இறங்காது, பார் எப்படி என் மூளை என்று மனைவியிடம் காட்டிக்கொண்டேன். ஒயர் 0.75 ஸ்கொயர் எம்எம், ஸ்பீக்கருக்கு வாங்கியதில் மிச்சம். போட்டேன். தெருவே மஞ்சளாகிவிட்டது. எதிர் வீட்டுத் தாத்தா வெளியே வந்து பார்த்தார். டேஷ்போர்டு சுவிட்சைத் தொட்டபோது வெதுவெதுவென்று இருந்தது. புதுசில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எதைத் தொட்டால் சுடுகிறதோ அங்கே கரண்ட் திணறுகிறது என்று அர்த்தம், அன்றைக்கே வண்டி என்னிடம் சொல்லிவிட்டது, கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை. ஆழியாறு செக்போஸ்ட்டில் நிறுத்திக் கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அட்டகட்டி தாண்டியதும் பனி. ஃபாக் லைட்டைப் போட்டேன். ரோட்டின் ஓரத்துப் புல்கூடத் தெரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, ஒரு இருபது நிமிஷம் ராஜா மாதிரி ஓட்டினேன். அப்புறம் மூக்கில் ஒரு நெடி. முதலில் எஸ்டேட் பக்கம் ஏதோ எரிக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினேன். நெடி கூடியது. பிளாஸ்டிக் கருகுகிற நெடி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்து. ஃபாக் லைட் சுவிட்சை அணைக்கப் போனேன், விரல் சுட்டது. அணைத்த அதே நேரம் ஹெட்லைட் ரெண்டு தடவை துடித்து அணைந்தது. வளைவுக்கு நடுவில்.

பிரேக்கை மிதித்து, ஹாஸார்டு போட்டு, கையால் தடவிப் பார்க்காத குறையாக மலைப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். பேட்டரி ஒயரைக் கழற்றி ஐந்து நிமிஷம் காத்திருந்து, புகை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு திரும்ப மாட்டினேன். பார்க்கிங் லைட் எரிந்தது, பிரைட் எரிந்தது, டிம் மட்டும் செத்துவிட்டது. பனியில் பிரைட் எதற்கு ஆகும்? போனில் சிக்னல் இல்லை. யானை நடமாட்டம் உள்ள இடம் என்ற போர்டைத் தாண்டித்தான் வந்திருந்தேன், அது நினைவுக்கு வந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம். மேலே போகிற ஒரு அரசு பஸ் வந்தது. டிரைவர் நிறுத்தி, எட்டிப் பார்த்து, "என்னாச்சுங்க?" என்றார். சொன்னேன். "பிரைட்ட போடாதீங்க, எனக்குக் கண்ணாடில அடிக்கும். பார்க்கிங்க மட்டும் போட்டுட்டு என் சிவப்பு லைட்டப் பாத்துட்டே வாங்க, மெதுவாப் போறேன்" என்றார். அவ்வளவு கூட்டத்தை வைத்துக்கொண்டு எனக்காக அந்த மனிதர் பத்து பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். ரொட்டிக்கடையில் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார், முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

ஞாயிறு பகலில் இறங்கி, திங்கள்கிழமை பொள்ளாச்சியில் வண்டி ஒயரிங் வேலை பார்க்கிற ஒரு செல்ஃப் டைனமோ கடைக்குப் போனேன். வயதானவர், முப்பது வருஷமாக இதே வேலை. ஸ்டியரிங் கவரைக் கழற்றி லைட் சுவிட்சை வெளியே எடுத்துக் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு காண்டாக்ட் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் உருகி, கேழ்வரகுக் களி மாதிரிக் கறுப்பாகக் கட்டி தட்டியிருந்தது. இடது ஹெட்லைட் சாக்கெட்டும் பொரிந்துபோயிருந்தது. நான் டேப் அடித்த இடத்தில் பசை இளகி ஒழுகி, செம்பு வெளியே தெரிந்தது. "பாடில தொட்டிருந்தா என்னங்க தம்பி ஆயிருக்கும்" என்று மட்டும் கேட்டார். புது சுவிட்ச் 2,400, சாக்கெட் 220, கூலி 700.

ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்டேன். எனக்கு அதுதான் ஆறவில்லை, ஃபியூஸ் இருக்கிற தைரியத்தில்தானே செய்தேன். அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். 55 வாட்டை 12-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வரும், அப்போது பல்புக்கு 5 என்று வைத்துக்கொள்ளலாம். இடது ஹெட்லைட் 5, என் ஃபாக் லைட் ரெண்டும் சேர்ந்து 10, ஆக 15. அந்தப் பக்கத்து ஃபியூஸும் 15. சரியாக விளிம்பில் நிற்கிறது, அந்த அளவில் ஃபியூஸ் சட்டென்று போகாது, மணிக்கணக்கில்கூடத் தாங்கும். ஆனால் ஸ்டியரிங் சுவிட்ச் வழியாக ரெண்டு ஹெட்லைட்டும் என் ரெண்டு லைட்டும் சேர்த்து 20 ஆம்பியர் ஓடியிருக்கிறது. அது செய்யப்பட்டது 10-ஐச் சுமக்க. பத்து வருஷம் தேய்ந்த காண்டாக்ட் வேறு. "ஃபியூஸ் தாங்குச்சு, சுவிட்ச் தாங்கல. ஃபியூஸுங்கறது அதுக்குப் பின்னாடி போற ஒயரக் காப்பாத்தத்தானுங்க, உங்க சுவிட்சுக்கு அது காவல் இல்ல" என்றார். நல்லவேளை 15 பத்தாது என்று நினைத்து 30 ஆம்பியர் ஃபியூஸ் மாற்றிப் போடுகிற ஆள் நான் இல்லை. அப்படிப் போடுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம், ஒயர் கட்டு மொத்தமும் வெந்துபோய் வருமாம்.

ரிலே போடச் சொன்னார். ரிலே என்றால் என்ன என்று எனக்கு அதுவரை தெரியாது, டிக் டிக் என்று சத்தம் போடுகிற டப்பா என்பதற்கு மேல். அவர் சொன்ன உவமை, பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்காலை (பிஏபி) தெரிந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் புரியும்: "பிஏபி வாய்க்கால் மதகு பாத்திருக்கீங்கல்ல? நீங்க மேல நின்னு திருப்பறது சின்னச் சக்கரம். தண்ணி போறது கீழ வாய்க்கால்ல. உங்க கை வழியாவா தண்ணி போகுது?" டேஷ்போர்டு சுவிட்ச் அந்தச் சக்கரம், ரிலேயைத் தட்டி எழுப்ப ஒரு ஆம்பியரில் கால் பங்குகூட வேண்டாம். லைட்டுக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து தனிப் பாதையில், சுவிட்ச் பக்கமே வராமல் போகும்.

அவரையே செய்யச் சொல்லியிருக்கலாம். ஆனால் ரோஷம் வந்துவிட்டது, நானே செய்கிறேன், நீங்கள் பார்த்துச் சரி சொல்லுங்கள் என்றேன். சிரித்துவிட்டுச் சாமான் எழுதிக் கொடுத்தார்: சாக்கெட்டோடு ரிலே 180, ஃபியூஸ் ஹோல்டரும் ரெண்டு 15 ஆம்பியர் நீல ஃபியூஸும் 60, 2.5 ஸ்கொயர் ஒயர், லக் (ஒயர் நுனியில் நசுக்கி மாட்டுகிற உலோக முனை), ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற குழாய்), ரப்பர் கிராமெட் (ஓட்டை விளிம்பில் மாட்டுகிற வளையம்) எல்லாம் சேர்த்து 350. அவர் சொன்னபடி நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிற ஒயருக்குக் காவல் இல்லை, அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30 என்ற பின். 87-லிருந்து ஒரு தடித்த ஒயர் முன்னால் வந்து அங்கே இரண்டாகப் பிரிந்து ரெண்டு லைட்டின் சிவப்புக்கும், இதுதான் பக்க இணைப்பு. 85 எர்த். 86-க்கு டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து மெல்லிய ஒயர். அந்தச் சுவிட்சுக்குக் கரண்ட் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து, அதனால் பார்க்கிங் அணைந்தால் ஃபாக் லைட்டும் அணையும். சுவிட்சைப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்கிறவர்கள் உண்டு, மறந்துவிட்டால் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நாலு மணி நேரம்கூடத் தாங்காது, காலையில் தள்ள வேண்டியதுதான். பானெட்டுக்குள்ளிருந்து வண்டிக்குள் ஒயர் நுழைகிற ஓட்டையில் கிராமெட் போடாவிட்டால் தகரம் ஒயரை அறுத்துவிடும். பானெட்டுக்குள் எந்த இணைப்பிலும் வெறும் டேப் வேண்டாம், லக் வைத்து நசுக்கி ஸ்லீவ் போட்டுச் சுருக்குங்கள். என் டேப் என்ன ஆனது என்று மேலே சொல்லிவிட்டேன்.

இதிலும் ஒரு கூத்து நடந்தது. கடையில் கொடுத்தது ஐந்து பின் ரிலே. நடுவில் 87ஏ என்று இன்னொரு பின். நான் கண்ணாடி போடாமல் அதில் மாட்டிவிட்டேன். ஃபியூஸைச் செருகியதும் சுவிட்ச் போடாமலே லைட் எரிகிறது, சுவிட்சைப் போட்டால் அணைகிறது! பேய் பிடித்த வண்டி என்று மனைவி சொன்னாள். 87ஏ என்பது ரிலே தூங்கும்போது சேர்ந்திருக்கிற முனை, எழும்பும்போது விடுபடும். ஐந்து பின் ரிலே வந்தால் அந்த நடுப் பின்னை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள், அல்லது நாலு பின் ரிலேயாகக் கேட்டு வாங்குங்கள். இது ஒன்றுதான் எனக்குப் பணச் செலவில்லாமல் முடிந்த தப்பு.

எல்லாம் முடிந்தும் வலது லைட் மட்டும் ஒரு மாற்றுக் குறைவாகத் தெரிந்தது. முன்னாலாயிருந்தால் பல்பு வாங்க ஓடியிருப்பேன். இந்தத் தடவை மீட்டரை எடுத்து, லைட் எரியும்போது ஒரு முனையை அதன் கறுப்பு ஒயரிலும் இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும், 1.6 காட்டியது. நான் எர்த் கொடுத்திருந்தது பெயின்ட் அடித்த பிராக்கெட்டில். சுரண்டி, தகரம் மின்னுகிற வரை தேய்த்து, லக் வைத்து போல்ட்டை முறுக்கியதும் 0.1. வெளிச்சம் ஏறிவிட்டது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம் போதும், லைட் எரிந்துகொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம், அணைத்துவிட்டுப் பார்த்தால் மோசமான எர்த்கூட நல்லதாகத்தான் காட்டும்.

அப்புறம், இதைக் கேட்ட நண்பர்கள் எல்லோரும் கேட்ட ஒரு கேள்வி, எல்இடி போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று. கரண்ட் குறையும், உண்மை. ஆனால் எல்இடி லைட்டுக்குள் டிரைவர் போர்டு ஒன்று இருக்கும், 9-லிருந்து 30 வோல்ட் வரை என்று மேலே எழுதியிருப்பார்கள். அதில் ரெண்டைத் தொடராகக் கொடுத்தால் என்னுடைய ஹாலஜன் மாதிரி மங்கலாகக்கூட எரியாது, மினுக்கும் அல்லது எரியவே எரியாது. எல்இடியும் பக்க இணைப்புதான். மீட்டர் அளவில் விற்கிற 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பைப் பார்த்தீர்களானால் மூன்று மூன்று எல்இடிக்கு ஒரு வெட்டுக்கோடு இருக்கும். அந்த மூன்றும் உள்ளுக்குள் தொடர், ஒவ்வொன்றும் மூன்று வோல்ட்டை ஒட்டி எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை ஒரு சின்ன ரெசிஸ்டர் விழுங்கும். அப்படிப்பட்ட மூன்று மூன்று கூட்டங்கள் தங்களுக்குள் பக்க இணைப்பு. ஒரே நாடாவில் ரெண்டும் இருக்கிறது. எனக்கு இது தெரிந்தபோது பத்தாம் வகுப்பு அறிவியல் வாத்தியாரைப் பார்த்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

புது வண்டி, வாரன்டியில் இருக்கிறது என்றால் ஒயரைச் சீவவே சீவாதீர்கள். ஹெட்லைட்டின் பிளக்கில் (கப்ளர்) அப்படியே செருகுகிற மாதிரி ரிலேயோடு வரும் ஒயரிங் கிட் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூட, பரவாயில்லை. பழைய வண்டியானாலும் மாட்டி முடித்ததும் லைட்டைத் தரையைப் பார்க்கக் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள், எதிரே வருகிறவருக்கும் அதே வளைவுதான். கால் மணி நேரம் எரியவிட்டு, ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், சுவிட்ச், ஒவ்வொரு இணைப்பு என்று கையால் தொட்டுப் பாருங்கள். எங்காவது சுட்டால் அன்றைக்கே பிரித்துப் பாருங்கள்.

செல்ஃப் டைனமோ கடைக்காரர் வந்து பார்த்து, ஒயரை இழுத்துப் பார்த்து, ஃபியூஸைக் கழற்றிப் பார்த்து, "ம்" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த சான்றிதழ். மிச்சமிருந்த நீல ஃபியூஸ் ஒன்றைப் பானெட் மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன், டேப் வைத்துத்தான், அதற்கு மட்டும் டேப் போதும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நல்ல பனி. கவர்க்கல், ஐயர்பாடி எல்லாம் தாண்டி எந்தத் தொந்தரவும் இல்லாமல் அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மாமா போர்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தார். "ஏன் மாப்ள, ஒத்தக் கண்ணோடயா வந்த?" என்றார். இறங்கிப் பார்த்தால் இடது பக்கப் பல்பு போயிருந்தது, எந்த வளைவில் போனது என்று எனக்குத் தெரியவே இல்லை.